வணிகத்தில் வாய்மை காத்த வ. உ. சிதம்பரம்பிள்ளை

1961ஆம் ஆண்டிலே கப்பலோட்டிய தமிழன் என்னும் திரைப்படம் வெளிவந்ததன் பின்னர், வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களின் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை ஈழத்திலும் இல்லை எனலாம். அப்பெயரைக் கேட்டவுடன் கோயமுத்தூர்ச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிற் பூட்டப்பட்ட ஒரு மனிதரின் தோற்றமே நம் கண்முன் வந்து நிற்கின்றது. அது நிற்கவேண்டிய தோற்றமே. எனினும், செக்கிழுத்த அந்தப் பெரியார் அதற்கு முன்னர் ஒரு கம்பனியின் உதவிச் செயலாளராக இருந்தவர். பலரிடம் பங்குப்பணம் வாங்கியவர். கப்பலுக்குக் கூலி பேசியவர். கட்டணப் போட்டியிலே இரவு பகலாக அல்லற்பட்டவர். விடுதலை வீரர் என்னும் பேரொளியிலே அவருடைய வணிக வாழ்வு மங்கிப் போயிற்று. வியாபாரத்திலும் உத்தியோகத்திலும் இனிப் புகவிருக்கும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு அந்த மங்கிய பக்கத்தையே எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திலே, உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மூத்த புதல்வராகப் பிறந்தார். தந்தையார் வக்கீல். மைந்தரும் சட்டம் பயின்று 1895ஆம் ஆண்டிலே தம் ஊரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வழக்கைக் கூடியவரை சமாதானத்தில் முடிக்கப் பார்ப்பதும், ஏழைகளுக்குக் கூலி பெறாது வாதாடுவதும் அவர் வழக்கம். கைக்கூலி வாங்கிய கீழ்க்கோட்டு அதிகாரிகள் மீது குற்றத்தை மெய்ப்பித்தும் காட்டினார். இத்தகைய மகன் உள்ளூரிலே பொலிசாரோடு மோதிக்கொண்டிருப்பதைத் தந்தையார் விரும்பவில்லை. 1900ஆம் ஆண்டிலே பிள்ளையவர்கள் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடியை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914ஆம் ஆண்டிற் கப்பற் போக்குவரத்துத் தொடங்குமுன், தென்னாட்டவர் இலங்கைக்கு வருவதற்கு இருந்த பெருவாயில் அதுவே. மாலையிற் கப்பலேறினால் மறுநாட் காலையிற் கொழும்பு. வணிகரும், தோட்டத் தொழிலாளரும், செட்டிநாட்டு நகரத்தாரும், மூட்டை முடிச்சுக்களும் அவ்வழியே வந்தன. அந்த ஓரிரவுக் கடலை ஆண்டது பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனி ஒன்றே. அது கேட்டதே கூலி. அது வைத்ததே சட்டம். சரக்கு நம்மவருடையது, பயணி நம்மவர், துறைமுகத்திற் சுமை தூக்கியவனும் நம்மவன். இலாபம் மாத்திரம் வேறிடம் சென்றது.

இந்நிலையை மாற்றவேண்டும் என்னும் எண்ணம் பிள்ளையவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1906ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்றிருந்தபொழுது இராமகிருஷ்ண மடத்திலே சுவாமி இராமகிருஷ்ணானந்தரைத் தரிசித்தார். பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடராகிய அத்துறவி சுதேசியத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை தம் நெஞ்சிலே வித்தாக விழுந்ததென்று பிள்ளையவர்களே தம் சுயசரிதையிற் குறித்திருக்கின்றார். சைவர்களாகிய நாம் இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வியாபாரம் வேறு, சமயம் வேறு என்று இருபெட்டிகளாகப் பிரித்து வைக்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி. கோயிலிலே விபூதி தரித்த நெற்றி கடைக்கு வந்தவுடன் தராசின் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. ஒரு துறவியின் வாயிலிருந்து பிறந்த எண்ணம் ஒரு கப்பற் கம்பனியாக வளர்ந்த செய்தி, அப்பிரிவினை அவசியமானதன்று என்பதைக் காட்டப் போதுமானது.

ஊர் திரும்பியவர் தரும சங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை முதலியவற்றை முயன்று நடத்தியதோடு, 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி சுதேசிக் கப்பற் கம்பனியையும் பதிவு செய்வித்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் முதலிய முஸ்லிம் வணிகர்கள் பெருந்தொகை கொடுத்து உதவினர். இந்தியருக்கு மாத்திரமன்றி இலங்கையருக்கும் ஏனைய ஆசிய நாட்டினருக்கும் பங்குகள் திறந்து வைக்கப்பட்டன.

பங்கின் விலை 25 ரூபா என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அக்காலத்திலே அது ஏழைக்கு எளிய தொகையன்று. ஆயினும் சிறுகடைக்காரனும் கிராமத்துப் பள்ளி ஆசிரியனும் சிறுகச் சிறுகச் சேர்த்தால் எட்டக்கூடிய தொகை. பெருமுதலாளிகள் நால்வரைப் பிடித்து ஆயிரம் ரூபாப் பங்குகளை விற்றிருந்தால் பிள்ளையவர்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கும். பலர் கையிலிருந்து சிறுபணம் வாங்குகிறவன் பலருக்குப் பதில் சொல்லவும் கடமைப்படுகின்றான். அக்கடமையைத் தெரிந்தே அவர் தலையில் ஏற்றிக்கொண்டார்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இத்தகைய கம்பனிகளின் பெயருக்குப் பின்னால் லிமிட்டெட் என்றொரு சொல் வால்போலத் தொங்குகின்றது. கம்பனி முறிந்தால் பங்காளி தான் போட்ட பணத்தை இழப்பானேயன்றி, அவனுடைய வீட்டையும் வயலையும் கடன்காரன் தொடமுடியாது என்பதே அதன் பொருள். இந்த ஏற்பாடு நல்லதே. அஃதின்றேல் பெரிய தொழில் எதுவும் நடவாது. ஆனால் பொருட்பொறுப்பிற்குச் சட்டம் வைத்த இவ்வெல்லையை, அறப்பொறுப்பிற்கும் எல்லையாக எடுத்துக்கொள்வோர் பலர். கம்பனி செய்தது, யான் செய்யவில்லை என்பர். மேலிடத்து உத்தரவு என்பர். கணக்கப்பிள்ளையைக் கேளுங்கள் என்பர். பிள்ளையவர்கள் சட்டம் படித்தவர். அந்த எல்லை எங்கே நிற்கின்றதென்று நன்கு அறிந்தவர். அறிந்திருந்தும் அதன் பின்னால் அவர் ஒருநாளாவது ஒதுங்கியதில்லை.

கம்பனியிடம் முதலிற் சொந்தக் கப்பல் இல்லை. ஷா கம்பனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். வெள்ளையர் கம்பனி நெருக்கவே, ஷா கம்பனி கப்பலைத் திருப்பி வாங்கிக்கொண்டது. டிக்கற் கொடுத்தாயிற்று, சரக்கேற்ற வாக்குக் கொடுத்தாயிற்று, கப்பல் இல்லை. பிள்ளையவர்கள் உடனே கொழும்புக்கு வந்து இங்கே ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு போய் வாக்கைக் காப்பாற்றினார். சுதேசிக் கம்பனி தடுமாறி விழ இருந்த வேளையிற் கைகொடுத்தது கொழும்புத் துறைமுகம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று கண்டு, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலின்றித் தூத்துக்குடிக்குத் திரும்புவதில்லை என்பது அவர் செய்துகொண்ட சபதம். அவ்வேளையிலே மூத்த மகன் உலகநாதன் நோயாய்க் கிடந்தான். மனைவியார் மீனாட்சியம்மாள் கருவுற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தனர். குடும்பத்தை இறைவனிடம் ஒப்புவித்துவிட்டு அவர் போனார். இதனைப் பாராட்டுவதா, குறை கூறுவதா என்பது எளிதில் முடிவு செய்யக்கூடிய விடயமன்று. வீட்டிற்குச் செய்யவேண்டிய கடமையும் கடமையே. ஊரார் பணத்தைப் பெற்றுக்கொண்டவனுக்கு வீட்டுக் காரணத்தைச் சொல்லி அதைக் கிடப்பிற் போட உரிமையில்லை என்று அவர் கருதினார் போலும்.

1907ஆம் ஆண்டு மே மாதம் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடித் துறைக்கு வந்தது. பின்னர் லாவோ வந்தது. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், 4,000 மூட்டை சரக்கு - இவ்வளவும் கொள்ளக்கூடியது காலியா. துறைமுகத்திலே அன்று ஊரே திரண்டு நின்றது.

இனி வந்தது கட்டணப் போர். பிரிட்டிஷ் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவாக்கியது. பின்னர் வெள்ளையர் கம்பனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் சென்றதென்றும், போதாக்குறைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு குடையும் கொடுத்ததென்றும் தூத்துக்குடியார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். விலையைக் குறைப்பது குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. திறமையினாலே செலவைக் குறைத்து விலையைக் குறைப்பவன் ஊருக்கு உபகாரி. ஆனால் எதிரியைக் கடலிலே அமிழ்த்துமட்டும் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு, அவன் அமிழ்ந்தபின் பழைய கூலியை வட்டியுடன் அறவிடும் நோக்கத்தோடு குறைப்பது வேறு. முன்னது வாணிகம், பின்னதற்கு நாகரிகமான பெயர் எதுவும் எமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். அந்தக் குடையை வாங்கிக்கொண்டு கப்பலேறியவர்களும் நம்மவர்களே. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கும், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் போனவர்கள். எட்டணா மிச்சமென்று எண்ணினார்களேயன்றி, தம் கடலைத் தாமே விற்கின்றோம் என்று எண்ணவில்லை. வணிக அறம் முதலாளிக்கு மாத்திரம் உரியது என்று நினைப்போர் அந்தக் குடையை மறக்கலாகாது. விற்பவனுக்கு உள்ள பொறுப்பிலே வாங்குபவனுக்கும் ஒரு பங்குண்டு. அந்தப் பங்குக்கு லிமிட்டெட் இல்லை.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, ஹார்வி கம்பனியாரின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவை. பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். வேலையின்றி இருந்தவர்களுக்கு உணவுக்கு வழிசெய்வதும், வேறு வேலை தேடிக் கொடுப்பதும் பிள்ளையவர்களின் பொறுப்பாயின. ஒன்பது நாளில் ஆலைக்காரர் இறங்கி வந்தனர்; கூலி கூடியது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒரு கம்பனியை நடத்துகிறவர் வேறொரு கம்பனியின் தொழிலாளருக்காக வீதியில் இறங்கியது அக்காலத்திலே வழக்கமில்லாத காரியம். முதலாளிகள் ஒருவருக்கொருவர் காட்டும் தாட்சணியத்தை அவர் அறியாதவரல்லர்.

இவ்விடத்திலே அவர்மீது சாட்டப்படும் ஒரு குற்றத்தையும் எழுதவேண்டும். பிறருடைய பணத்தைக் கொண்டு கம்பனி நடத்துகிறவர் அரசியற் கிளர்ச்சியில் இறங்கலாமா? அரசாங்கத்தின் கோபம் அவர்மேல் மாத்திரமா விழும், கப்பல்மேலும் விழாதா? கம்பனியின் நிருவாகத்திலிருந்தவர்களிற் சிலரே இவ்வாறு அஞ்சினர். அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமன்று. 25 ரூபா போட்ட சிறுகடைக்காரனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நேர்மையான கேள்வியே. பிள்ளையவர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கம்பனியின் பெயரே சுதேசி. இலாபத்திற்கு மட்டும் பணம் வேண்டியவனுக்கு வேறு இடங்கள் இருந்தன. நாடு தன்காலில் நிற்கவேண்டும் என்று சொல்லியே பங்கு விற்றார். விற்றபின் அச்சொல்லை விழுங்கியிருந்தாரானால் அதுவும் ஒரு மோசடியே ஆகியிருக்கும். இரு பக்கமும் நிறுத்துப் பார்க்குமிடத்து, பங்காளிகளின் பணத்திற்கு அவர் ஆபத்தைக் கொண்டுவந்தார் என்பது உண்மை. அந்த ஆபத்திலே முதலில் தம்மையே நிறுத்தினார் என்பதும் உண்மை.

ஏனெனில், தப்பிக்கொள்ள வழி இருந்தது. நன்னடத்தைக்குப் பிணை எழுதிக்கொடுத்துவிட்டு மாவட்டத்தை விட்டு நீங்கும்படி கலெக்டர் விஞ்சு கேட்டார். பிள்ளையவர்கள் மறுத்தார். 1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் திகதி கைதானார். மறுநாள் திருநெல்வேலியிலே கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். யூலை 7ஆம் திகதி நீதிபதி பின்ஹே இரண்டு குற்றங்களுக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டுத் தீவாந்தரம் விதித்தார். மேன்முறையீடுகளின்பின் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார்.

அவர் உள்ளே செக்கிழுத்தபொழுது வெளியே கம்பனி இளைத்தது. எதிர்க்கம்பனியின் போட்டியையும் அதிகாரிகளின் தொல்லையையும் தாங்க எஞ்சியிருந்தோரால் முடியவில்லை. 1911ஆம் ஆண்டிலே கம்பனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் போட்டிக் கம்பனிக்கே விற்கப்பட்டதென்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். சிறையினுள்ளே அவரைப் பெரிதும் வருத்திய செய்தி இதுவே. விற்றவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. கடன் ஏறிய சரக்கை விலை கொடுப்பவனுக்கு விற்பது வியாபார முறையே. ஆயினும் எந்தக் கையிலிருந்து கடலை மீட்பதற்காக ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டார்களோ, அந்தக் கையிலேயே கப்பலைக் கொண்டுபோய் ஒப்படைக்கும்போது, ஒருவராவது இதற்கு யான் உடன்படேன் என்று எழுந்து நின்றிருக்க வேண்டும். பலர் கூடிச் செய்யும் தவற்றிலே ஒவ்வொருவனுக்கும் தன் பங்கு சிறியதாகவே தோன்றும்.

1912ஆம் ஆண்டு திசெம்பர் 24ஆம் திகதி விடுதலையானார். பல்லாயிரம் மக்கள் ஆரவாரித்த அந்தத் தலைவரை வரவேற்கச் சிறை வாயிலிலே சுப்பிரமணிய சிவாவையும் மிகச் சிலரையும் தவிர வேறெவரும் இல்லை. வக்கீல் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சொந்தச் சீமையில் வாழவும் தடை. சென்னையிலே சிந்தாதிரிப்பேட்டையிலும் பெரம்பூரிலும் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு, கப்பல் வாங்கிய கை மண்ணெண்ணெயும் மளிகையும் விற்றது.

இந்த வறுமைக் காலத்திலே நடந்த ஒரு சம்பவம் கணக்கைப் பற்றியது. தென்னாபிரிக்காவிலிருந்த நம்மவர்கள் பிள்ளையவர்களின் துயர் கேட்டுப் பணம் திரட்டி, அவரிடம் சேர்க்கும்படி காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். 1915ஆம் ஆண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தபொழுது இருவரும் சந்தித்தனர். தொகை விபரமும் கொடுத்தோர் விபரமும் கைக்கெட்டத் தாமதமாகவே, இருவருக்குமிடையே பல மாதங்கள் கடிதங்கள் நடந்தன. அரிசிக்கு வழிதேடும் நிலையிலிருந்தும் பிள்ளையவர்கள் மரியாதை தவறாது எழுதினார். முடிவில், 1916ஆம் ஆண்டு தொடக்கத்திலே, 347 ரூபா 12 அணா வந்து சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு அணாவைப் பாருங்கள். மகாத்மாவே ஆயினும் பிறர்பணத்தை அணாக் குறையாமல் உரியவரிடம் சேர்க்கும்வரை பொறுப்பு நீங்குவதில்லை.

தாம் பெற்ற உதவிகளைப் பிள்ளையவர்கள் எழுதிவைத்த ஏடு விசித்திரமானது. தம் பிள்ளைகளின் பெயர்களிலே எழுதிவைத்தார். தென்னாபிரிக்காவிலிருந்து உதவிய வேதியப்பிள்ளையின் நினைவாக ஒரு மகளுக்கு வேதவல்லி எனப் பெயரிட்டார். 1922ஆம் ஆண்டிலே வக்கீல் உரிமை மீளக் கிடைக்க உதவிய வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் கம்பனியோடு போராடி வாழ்விழந்தவர், ஒரு வெள்ளையருக்குப் பட்ட நன்றியை மறுக்கவில்லை.

உரிமை மீண்டபின் கோவில்பட்டியிலும், 1932ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார். பழைய வருவாய் வரவில்லை. ஆனால் தமிழுக்கும் சைவத்துக்கும் அவர் செய்த பணி நின்றபாடில்லை. சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் அலனின் நூலை மனம் போல வாழ்வு என்னும் பெயரிலே தமிழாக்கினார். மனிதன் தன் நிலைக்குத் தானே காரணன் என்பது அந்நூலின் பொருள். அந்நிலைக்கு ஆளாக்கியவர்களின் சிறைக்குள் இருந்துகொண்டு அதனை மொழிபெயர்க்க எத்துணை மனத்திடம் வேண்டும்! தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையைப் பதிப்பித்தார். 1935ஆம் ஆண்டிலே சிவஞானபோதத்துக்கு எளிய உரையொன்று வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கும் உரை கண்டார். வாணிகர் பிறர்பொருளை எவ்வாறு பேணவேண்டும் என்பதை வள்ளுவர் பொருட்பாலில் வையாது அறத்துப்பாலிலே நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பதை இங்கு நினைந்து கொள்ளலாம். அவ்வதிகாரத்துக்கு உரையெழுதத் தகுதியுடையவர் அன்று தமிழ்நாட்டிலே பலர் இருந்திருப்பர்; பத்து இலட்சம் ரூபாக் கம்பனியை நடத்தி, மண்ணெண்ணெய்க் கடையையும் நடத்தி, இரண்டிலும் கை சுத்தமாக வெளியே வந்து எழுதியவர் அவரே.

2011ஆம் ஆண்டிலே தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. அதே ஆண்டில் அங்கிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பலும் மீண்டும் விடப்பட்டது. அது சில மாதங்களே ஓடியது.

1936ஆம் ஆண்டிலே நோய் முற்றியது. முடிவு நெருங்கியதை உணர்ந்து உயில் எழுதுவித்தார். பெருஞ்சொத்து எழுதுவதற்கு இல்லை. மணமாகாத பெண்மக்களைப் பற்றிய கவலை இருந்தது. அவ்வுயிலிலே தாம் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் செய்தார். துணிக்கடைக்குப் பாக்கி, எண்ணெய்க்கடைக்குப் பாக்கி, நண்பரிடம் பட்ட கைமாற்று, சில்லறைக் கடன். கடைக்காரன் தன் சிட்டையிற் குறித்திருந்தானோ இல்லையோ, கடன்பட்டவர் குறித்துவைத்திருந்தார். தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொண்டார். நவம்பர் 18ஆம் திகதி அங்கே அவருடைய உயிர் பிரிந்தது.